ராத்திபின் தலையும் கறுப்புவால் பெட்டையும்

ஜோர்தானின் அம்மான் நகரத்து மலைச்சரிவுத் தெருக்களில் புறா வளர்ப்பவனின் சத்தியத்துக்கு மதிப்பில்லை. அடுத்த மாடிப் புறாவை மயக்கி இறக்கிவிட்டு, 'நான் பார்க்கவே இல்லை' என்று குரல் நடுங்காமல் சொல்பவனை யார் நம்புவது? பஞ்சர் கடை ராத்திப் இந்த அவப்பெயரைப் பட்டம்போலச் சுமந்தவர்.

அவர் தலையில் அடிபட்டதும் தொழில்பக்தியால்தான். எதிர்மாடி ஷிஹாதாவின் புறா ஒன்று வழிதவறி ராத்திபின் கூட்டத்தோடு அவர் மாடியில் இறங்குவதைக் கண்டு பாய்ந்தவர், கூண்டின் இரும்பு நிலையில் முட்டிக்கொண்டார். மூளை குலுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வெயில் ஆகாது, அண்ணாந்து பார்க்கக்கூடாது, விசிலடிக்கக்கூடாது, மாடியேறக்கூடாது. மூச்சுவிடத் தடையில்லை.

இருட்டறையில் படுத்தார். கரண்டி விழுந்தால் மண்டைக்குள் கல்யாண மேளம் கேட்டது. செருப்பைக் குளிர்பெட்டியில் வைத்தார். தேநீரில் இருமுறை சர்க்கரை போட்டார். அந்தத் தெருவில் அதை யாரும் நோயாக எண்ணவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு அமைதி தேவையென்று உரத்த குரலில் வலியுறுத்தினார்கள்.

புறாக்களுக்கு மனைவி உம்மு வஸ்ஃபி தீனி வைத்தார். மகன் வஸ்ஃபியின் பெயரைச் சேர்த்துத் தெரு தாயை உம்மு வஸ்ஃபி என்றும் தந்தை ராத்திபை அபு வஸ்ஃபி என்றும் அழைத்தது. ஒருநாள் கூண்டைக் கழுவத் திறந்தபோது கறுப்புவால் பெட்டை பறந்துபோய் ஷிஹாதாவின் மாடியில் இறங்கியது. கூட்டத்தை வழிநடத்தி வீடு சேர்ப்பதே அந்தப் பெட்டைதான். அது இல்லாமல் மற்றவற்றைப் பறக்கவிட்டால் மாடிக்கொன்றாகச் சிதறிவிடும். இறங்கிய புறா பிடித்தவனுக்குச் சொந்தம். திருப்பிக் கேட்பது கேவலம். நோயாளியின் புறாவைப் பிடித்து வைத்துக்கொண்டான் என்ற பேர் அதைவிடக் கேவலம்.

மறுநாள் ஷிஹாதாவே குனாஃபா இனிப்புப் பெட்டியோடு வந்தார். அறை நிறைய ஆட்கள்.

"என்ன அபு வஸ்ஃபி, தலை எப்படி இருக்கு?"

"கழுத்துமேலதான் இருக்கு. என் கறுப்புவால் எங்க இருக்கு?"

"அடப்பாவமே! போன மாசம் நீயேதானே எனக்குக் கொடுத்தே? அதுவும் மறந்துபோச்சா?"

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ராத்திபின் போன மாத நினைவில் நிஜமாகவே ஓட்டைகள் இருந்தன. கொடுத்த நினைவில்லை, கொடுக்கவில்லை என்ற நினைவும் இல்லை.

காப்பித் தட்டோடு வாசலில் நின்ற உம்மு வஸ்ஃபி சொன்னார்: "பெத்த பிள்ளைய வேணும்னா தூக்கிக் கொடுப்பார். அந்தப் பெட்டையக் கொடுக்க மாட்டார்."

ராத்திப் கண்ணை மூடினார். பிறகு முகம் மலர்ந்தது.

"இல்ல உம்மு வஸ்ஃபி, கொடுத்தேன். இப்பதான் ஞாபகம் வருது. பதிலுக்கு அவனோட பாக்தாதிப் புறா ஜோடியத் தர்றதாக் கைமேல அடிச்சுச் சொன்னான். அதைத்தான் இன்னும் காணோம்."

ஷிஹாதாவின் வாயில் குனாஃபா நின்றுபோனது. "நானா? எப்ப?"

"உனக்கும் மறந்துபோச்சா? என் டாக்டரையே போய்ப் பாரு. நல்ல மனுஷன்."

"வாக்குக் கொடுத்துட்டு இழுத்தடிக்கலாமாப்பா?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். பாக்தாதி ஜோடி ஷிஹாதாவின் உயிர் என்பது தெருவுக்கே தெரியும். அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், மாடியில் சிறகடிக்கும் சத்தம். எழப்போன ராத்திபை அறை சுழன்று மறுபடி கட்டிலில் உட்கார வைத்தது. உம்மு வஸ்ஃபிதான் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கறுப்புவால் வந்துட்டா. ஜோடியக் கேப்பீங்கன்னு அவனே திறந்துவிட்டிருக்கான். அவன் வீட்டுத் தீனி உடம்புல நல்லா ஒட்டியிருக்கு."

ராத்திப் தலையைத் தடவிக்கொண்டார்.

"உம்மு வஸ்ஃபி, ஒருவேளை நான் நிஜமாவே கொடுத்திருப்பேனோ?"

"தூங்குங்க," என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார் அவர்.