ஓடும் பஸ்ஸும் கயிறு கட்டாத சண்டையும்

எங்கள் ஊர் சினிமாவில் ஒரு அடி அடித்தால் பத்துப் பேர் பறப்பார்கள். பறக்கிறவன் முதுகில் கயிறு தெரிகிறதா என்று தேடுவதுதான் சின்ன வயதிலிருந்து என் பொழுதுபோக்கு. கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஜாதவ்பூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பில் முதல் தடவையாகத் தாய்லாந்துச் சண்டைப் படம் பார்த்தேன். கயிற்றைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். ஒருவன் மாடியிலிருந்து குதித்து இன்னொருவன் மார்பில் முழங்காலால் இறங்குகிறான். அந்தக் குதிப்பையே மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள், எடை சரியா பாருங்கள் என்று தராசைத் திருப்பிக் காட்டும் கடைக்காரர் மாதிரி. கடைசியில் பெயர்கள் ஓடும்போது, சொதப்பிய குதிப்புகளும் வந்தன. நாயகன் தப்பாக விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். யாரோ ஐஸோடு ஓடி வருகிறார்கள். அடிபட்டால் வலிக்கும் என்று ஒப்புக்கொள்கிற நாயகனை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே அடிமையாகிவிட்டேன்.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரிக்கும் இதே பைத்தியம். வங்காளிப் பெண். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எங்களுக்கு உதையும் முழங்கையும்தான் பேச்சு, பாதி ஆங்கிலத்திலும் பாதி என் அரைகுறை வங்காளத்திலும். இந்த ஊரில் பெண்கள் தங்களோடு வேலை பார்க்கிறவனை ‘தாதா’ என்பார்கள், அதாவது அண்ணன். அவள் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் வாய்ப்பந்தல் போட்டேன். “கயிறெல்லாம் பயந்தவனுக்கு. விழுந்தா விழணும், அவ்வளவுதான்” என்பேன்.

ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரியாது.

இங்கே தனியார் பஸ் ஆண்களுக்காக முழுசாக நிற்பதில்லை. லேசாக வேகம் குறையும். இறங்குகிறவர் இடது காலை முதலில் வைத்து, பஸ் போகிற திசையிலேயே நாலடி ஓடி நின்றுகொள்ள வேண்டும். தொப்பையும் குடையுமாக இருக்கும் பெரியவர்கள்கூட இதை அனாயாசமாகச் செய்கிறார்கள். நான் நாலு மாதமாக, என் நிறுத்தத்தைத் தாண்டி, பஸ் நிலையம் வரை போய், நின்ற பிறகு இறங்கி, இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். அவள் வீடு அந்தப் பஸ் நிலையத்தின் பக்கம். நல்லவேளை, அவளுக்கு வேறு ஷிப்ட்; மதியம் சேர்ந்து சாப்பிட்டாலும், நான் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவள் கிளம்புவாள்.

அடுத்த வாரம் அவளும் என் ஷிப்டுக்கு மாறுகிறாள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடத் தங்கியிருந்த மதுரைக்காரனிடம் சொன்னேன்.

“ஏன்டா மாப்ள, பஸ்ஸ விட்டு எறங்க வக்கில்ல, ஒனக்குத் தாய்லாந்து சண்ட கேக்குதா?” என்றான். ஆனாலும் பயிற்சி கொடுத்தான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேடையிலிருந்து, முழங்காலைத் தூக்கி, இரண்டு காலும் சேர்ந்து தரையில் படும்படி குதித்தேன், படத்தில் பார்த்தபடியே. அவன் மூன்று பக்கத்திலிருந்து போனில் எடுத்தான். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மேடை ஓடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். என் நிறுத்தம் வந்தது. “பார்த்துப் போ” என்றாள். நான் படியில் நின்று, முழங்காலைத் தூக்கி, பக்கவாட்டில் குதித்தேன். நடத்துநர் “இடது கால், இடது கால்!” என்று வங்காளத்தில் கத்தியது காற்றில் இருக்கும்போதுதான் காதில் விழுந்தது. குப்புற விழுந்து, உருண்டு, ஒரு டீக்கடை பெஞ்சின் கீழே போய் நின்றேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல வழியில்லை, ஒட்டியிருந்தது. பஸ் போய்விட்டது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம், வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த என் எதிரே டிபன் டப்பாவை வைத்து உட்கார்ந்தாள்.

“எலும்பு முறிஞ்சிருக்காடா?”

“இல்ல, சுளுக்குதான்.”

“கயிறு இல்லாமதான் குதிச்ச. ஒத்துக்கறேன்.”

சிரிக்காமல் சொன்னாள். அதைவிடத் திட்டியிருக்கலாம். வெட்கம் தாங்காமல் நாலு மாதக் கதையையும் கொட்டிவிட்டேன்: பஸ் நிலையம், திரும்பி நடந்தது, தண்ணீர்த் தொட்டி, எல்லாம். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “இத்தனை நாளும் எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டாள். நீ என்னைக் கோழை என்று நினைத்துவிடுவாய் என்று பயம் என்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனாள்.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். என் நிறுத்தம் நெருங்கியது. கட்டுப்போட்ட கையோடு நான் படிப்பக்கம் பார்க்காமலே நின்றேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, நடத்துநர்கள் ஓட்டுநருக்குக் கொடுக்கும் குரலை அப்படியே கொடுத்தாள்:

“ஆஸ்தே! லேடீஸ்! கோலே பாச்சா!”

மெதுவாக, பெண் இறங்குகிறாள், கையில் குழந்தை என்று அர்த்தம். அதைக் கேட்டால் எந்த ஓட்டுநரும் பிரேக்கை மிதித்தே தீர வேண்டும். பஸ் அசையாமல் நின்றது. எல்லோரும் குழந்தையைத் தேடினார்கள். அவள் என் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். ஐந்தடி பத்தங்குலக் குழந்தை, நாலு மாதத்தில் முதல் தடவையாக, சொந்த நிறுத்தத்தில் கால் வைத்தது.

அவள் இறங்க வேண்டிய பஸ் நிலையத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. அவளும் இறங்கிவிட்டாள்.