பால்வாடிக்கு மூன்று தண்ணீர்: நெய்க்காரப்பட்டிப் பக்கம் எட்டு நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அருவி, சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை நான் சொல்லப்போகும் பயணம் ஒரு பால்வாடிக்குப் போனது. கொரோனா ஓய்ந்த பிறகு பிள்ளைக் காப்பகத்தைத் திறக்கிற இரண்டு மூன்று பேர், "நீங்கள் அந்தக் காலத்தில் இந்த வேலைதானே பார்த்தீர்கள், எப்படித் திறந்தீர்கள்?" என்று எழுதிக் கேட்டார்கள். நான் எப்படித் திறந்தேன் என்பதைவிட, திறந்துவிட்டு எப்படி முழித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் அவர்களுக்கு உதவும். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பால்வாடிகளைப் பார்வையிடுவது என் வேலை. தெரியாதவர்களுக்காக: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து கூட்டிப்போகிற இடம் பால்வாடி. மதியம் அங்கேயே சோறு. அந்த வருஷம் நெய்க்காரப்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மணல்வாரி அம்மை வரிசையாக வீடு வீடாகப் போனது. பால்வாடியை மூடிவிட்டார்கள். கடைசிப் பிள்ளைக்கும் குணமாகி மூன்று வாரம் கழிந்தபின், சுத்தம் செய்து பத்திரமாகத் திறந்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் வேலை என்று இரண்டே புடவையோடு கிளம்பினேன்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய் எழுபது பைசா. மடியில் துணிப்பை, காலடியில் ஒரு சாக்கு: பிளீச்சிங் பவுடர், பினாயில், ஆறு சோப்பு, இரண்டு பிரஷ், பதினோரு விதிமுறைகள் அச்சடித்த தாள் ஒரு கட்டு. செம்பட்டி தாண்டுவதற்குள் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, சாக்குல என்னத்த வச்சிருக்கீக? பஸ்ஸு பூராம் கண்ணு எரியுது."

"பிளீச்சிங் பவுடர்ண்ணே. பால்வாடியில பிள்ளைக இருக்க எடத்துக்குப் போடுறதுக்கு."

"நல்லாப் போடுங்க. கிருமியும் வராது, பிள்ளைகளும் வராது."

பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து பின்னால் போய்விட்டார். ஒட்டன்சத்திரம் வரை மூன்று பேர் சீட்டில் நான் ஒருத்தியே கால் நீட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் இடம் கிடைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்கு இன்றுவரை தெரியாது.

எட்டு மணிக்குப் பழனி. இட்லியும் காபியும் ஒன்றரை ரூபாய். அங்கிருந்து நெய்க்காரப்பட்டிக்கு டவுன் பஸ், பத்து கிலோமீட்டர், எழுபத்தைந்து பைசா. பிறகு வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் கரும்பு, நடு நடுவே தென்னந்தோப்பு. வழியெல்லாம் பாகு காய்கிற வாசனை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் ஆனது.

டீச்சர் பெயர் சரோஜா. நெய்க்காரப்பட்டிக்காரர், முப்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். பால்வாடி என்பது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. நிலைப்படிக்கு மேலே காய்ந்து சருகான வேப்பங்குழைக் கொத்து தொங்கியது. "இதைப் பார்த்தால் எந்தத் தாய்தான் பிள்ளையை உள்ளே விடுவாள்?" என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பாக இழுத்து வெளியே வீசினேன். சரோஜா டீச்சர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அப்போதே ஏனென்று கேட்டிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை அந்த வயதில் கிடையாது.

அன்று சாயங்காலத்துக்குள் தரையைத் தேய்த்துக் கழுவினோம். பிளீச்சிங் பவுடர் போட்டோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பாய்களை வெயிலில் உதறினோம். அச்சடித்த தாளைக் கதவில் ஒட்டினேன். வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இரவு டீச்சர் வீட்டில் கம்பங்கூழும் மோர் மிளகாயும் சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்தோம். இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்தது பதினொன்றரை வரை அப்படியே இருந்தது. ஒரு பிள்ளை வரவில்லை. பெண்கள் வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போனார்கள். இந்தப் பக்கம் திரும்பாமல், தெருவின் அந்த ஓரமாகப் போனார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நேரில் கேட்டுவிடுவோம் என்று டீச்சரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முக்கால் கிலோமீட்டரில் ஒரு கரும்பாலை. அங்கே பொன்னாத்தாள் என்ற பெண், காய்ந்த கரும்புச் சக்கையை வாரிக் கொண்டுபோய் அடுப்பு வாயில் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே ஆள் படுக்கிற அகலத்தில் கொப்பரை. அதில் பாகு தளதளவென்று கொதித்தது. கொட்டகைத் தூணில் ஒரு பழைய சேலையைக் கட்டி, மறுமுனையை மூன்று வயது மகள் மல்லிகாவின் இடுப்பில் கட்டியிருந்தாள். பிள்ளைக்கும் கொப்பரைக்கும் நடுவே ஐந்தாறு முழம்தான் இருக்கும். அந்தக் குழந்தை யாரையும் கவனிக்காமல், மும்முரமாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பிள்ளைய இப்படி அடுப்படியில கட்டிப் போட்டிருக்கியே. பால்வாடிதான் தெறந்திருக்குல்ல?"

"தெரியுங்க" என்றாள், சக்கையைத் தள்ளிக்கொண்டே. "நேத்து ரெண்டு தரம் இவ முடிச்ச அவுத்துட்டாளுங்க. இன்னைக்கு மூணு முடிச்சு போட்டிருக்கேன்."

"அப்ப கொண்டுவந்து விடவேண்டியதுதான?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கம்மா, தண்ணி ஊத்தாம கொழைய யாராச்சும் எடுப்பாங்களா? அங்கயே ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மை வாத்துதுங்க. ஆத்தா வந்து உக்காந்த எடம். அவளை அனுப்பி வெக்காமயே நீங்க கொழையப் புடுங்கி வீசிட்டீங்க. எம்புள்ளைக்கு இன்னும் அம்மை வாக்கலைங்க. அவளை எந்த நம்பிக்கையில அங்க உடுவேன்?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அம்மை கண்ட வீட்டில் வாசலுக்கு வேப்பங்குழை கட்டுவார்கள். அதைப் பார்த்தால் வேற்றாள் உள்ளே வரமாட்டார். அம்மை இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை பிள்ளை தலையில் ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் குழை இறங்கும், வீடு மற்றவர்களுக்குத் திறக்கும். எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். சின்ன வயதில் எனக்கே ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் குழையைப் பால்வாடியில் பார்த்ததும், அது ஏதோ மூடநம்பிக்கைக் குப்பை என்று கை தானாகப் போய்விட்டது. அரசாங்கக் கட்டடத்தை ஒரு வீடாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது தங்கள் பிள்ளைகள் இருந்த வீடு.

இருந்தாலும் விடவில்லை. "நோய் போயி மூணு வாரமாச்சும்மா. மருந்தடிச்சுக் கழுவியாச்சு. இந்தக் கொப்பரையவிட அது மோசமா?"

"கொப்பரை இங்க இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுதுங்க. பாத்துட்டே வேலை செய்வேன். அங்க இருக்கறது எங்கண்ணுக்குத் தெரியாதுங்களே."

பதினோரு விதிமுறையிலும் இதற்குப் பதில் இல்லை. திரும்பும் வழியில் டீச்சரிடம், "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "சொல்லலாம்னுதாங்க வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க வீசிட்டீங்க" என்றார். நியாயம்தான்.

வேலை முடிந்து பெண்கள் திரும்புகிற நேரம், ஐந்தரை மணி சுமாருக்கு, மறுபடி பொன்னாத்தாளிடம் போனேன். "நான் செஞ்சது தப்பு. புதுக் கொழை நானே கட்டுறேன். ஆனா கட்டடத்துக்குத் தலை ஏது, தண்ணி எதுல ஊத்துறது?" என்று கேட்டேன். கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளைங்க படுத்த தரைதானுங்க, அதுல ஊத்துனாப் போதும். நாங்களே வாரோம். வெள்ளி, ஞாயிறு, செவ்வாய்" என்றாள்.

மூன்றும் ஆத்தாவுக்கு உகந்த நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கும் சரியாக வந்தது. எனக்குத்தான் ஆறு நாள் கூடுதல். 'பணி முடியவில்லை' என்று ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, இரண்டு புடவையையும் மாற்றி மாற்றித் துவைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அரிசி டிரம் மேல் ஏறிக் குழை கட்டினேன். டிரம் ஆட, கீழே இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொள்ள, முதல் நாள் தெருவின் அந்த ஓரமாகப் போனவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஆறு மணிக்குப் பதினாலு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் அவரவர் வீட்டில் கலந்த மஞ்சள் தண்ணீர்க் குடம். தரையில் ஊற்றினார்கள். சுவர் ஓரம் சிந்தியிருந்த என் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டதும் சுற்றிலும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆலம், அதாவது ஆரத்தித் தண்ணீர், சிவக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அறை முழுக்க ஆலம் சுற்றிய மாதிரி இருந்ததில் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். "உங்க சுண்ணாம்பு வீண் போகலைங்கம்மா" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அதுதான் எனக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளும்போது அவர்கள் ஒவ்வொரு மூலையையும் பார்த்தார்கள். அதுவரை வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர்கள்தான், உள்ளே வந்தவர்கள் இல்லை. மூடி இல்லாத தண்ணீர்ப் பானையைப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்த ஒரே டம்ளரைப் பொன்னாத்தாள் எடுத்து, "இருபது வாய்க்கும் இதுதானுங்களா?" என்று கேட்டாள். பிள்ளைக்கு ஒரு டம்ளர் என்பதுதான் என் தாளில் ஏழாவது விதி. கதவில் ஒட்டியிருந்தும் யாரும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தண்ணீருக்கு வந்தபோது பிள்ளைப் பேர் வெட்டிய டம்ளர்களும், பானைக்கு ஒரு தட்டும் வந்துவிட்டன. ஒரே பாயில் நாலு பிள்ளை படுக்கக்கூடாது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். தண்ணீர் காய்ந்ததும் நான் பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய் மூன்றாம் தண்ணீர். பொன்னாத்தாள் குழையை இறக்கி, கொண்டுபோய் வாய்க்காலில் விட்டாள். நான் தாளைக் கதவிலிருந்து கிழித்துவிட்டு, ஒரே ஒரு விதியை வாயால் சொன்னேன்: இனி அம்மை கண்ட பிள்ளை, மூணு தண்ணி ஊத்தின பிறகுதான் உள்ளே வரணும். அதை அவர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் தண்ணீர் ஆவதற்குள் தொற்று அடங்கிவிடும் என்பது டாக்டரும் ஒத்துக்கொள்கிற கணக்குதான். அறிக்கையில் 'மும்முறை கிருமி நீக்கம் செய்யப்பட்டது' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

புதன்கிழமை எட்டரைக்கெல்லாம் பத்தொன்பது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பொன்னாத்தாள் கடைசியாக வந்தாள். மல்லிகாவையும் டம்ளரையும் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சக்கை வார நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நான் பன்னிரண்டு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து, நாலு மணிக்குத் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். சாக்கு காலியாக இருந்ததால் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கரும்பாலை பார்க்கத் தை, மாசி நல்ல சமயம். காலை ஏழு மணிக்குள் போனால் சூடான நாட்டுச்சர்க்கரையை இலையில் வைத்துத் தருவார்கள். தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் பழனி வழியாகப் போகாதீர்கள். பஸ்ஸில் நிற்கவே இடம் கிடைக்காது. வாய்க்கால் கரையில் நடக்கச் செருப்பு தேய்ந்ததாக இருக்கக்கூடாது.

காப்பகம் திறக்கப் போகிறவர்களுக்கு: மருந்து, சோப்பு, தாள் எல்லாம் கொண்டுபோங்கள், எல்லாமே வேண்டும்தான். ஆனால் எதிலும் கை வைப்பதற்கு முன்னால், அதை மூடியது யார், எப்படி மூடினார்கள் என்று கேளுங்கள். தாய்மார்களை உள்ளே விட்டு அவர்கள் கையாலேயே கழுவச் சொல்லுங்கள். திறந்த அன்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாயைப் பாருங்கள். தெருமுனை வரை நாலு தடவை திரும்பிப் பார்த்தாள் என்றால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. பொன்னாத்தாள் அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.