மூணு ராத்திரி, மூணு மோட்டல், வடக்கு எந்தப் பக்கம்

டேவிடு மச்சான், நாம போன ஊரப் பத்தி நம்ம ஏரியாக்காரங்களுக்கு நான் எழுத வேண்டியதாப் போச்சு. நீ இருந்தா நல்லா சொல்லியிருப்ப. நான் எட்டாவதோட நின்னவன், தப்பு இருந்தா சிரிச்சுக்கோ.

நான் செம்பாக்கம். டேவிடு சேலையூரு. தாம்பரம் மார்க்கெட்டாண்ட ஒரே ஓட்டல்ல தோசை போட்டுக்கினு இருந்தோம். அப்புறம் ரெண்டு பேருக்கும் அமெரிக்கால, நியூஜெர்சில நம்மூரு ஓட்டல் ஒண்ணுல சமையல் வேலை கெடச்சுது. 97 மே மாசம் டல்லாஸ்ல ஒரு கல்யாணம். சமைக்கறதுக்கு மொதலாளி எங்கள வேன்ல அனுப்புனாரு. ஆயிரத்தி ஐநூத்தி அம்பது மைலு. வேன்ல கிரைண்டரு, இட்லி குண்டான், நாங்க ரெண்டு பேரு. ஓட்டுனது டேவிடு.

செவ்வாக்கெழமை காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பி, சாயந்தரம் ரோனோக்குன்னு ஒரு ஊரு. மோட்டலு இருபத்தொம்போது டாலரு. நம்ம லாட்ஜு மாதிரி இல்ல, ரூம் கதவாண்டயே வண்டிய நிறுத்தலாம். ரெண்டு பெரிய கட்டிலு, ஏசி, சுடுதண்ணி. போர்வைய மெத்தைக்கு அடில இறுக்கிச் சொருகி வெச்சிருப்பாங்க. அத வெளிய இழுக்கத் தெரியாம அதும்மேலயே படுத்துக்கினு நடுங்குனேன்.

குளுரு கூடப் பரவால்ல. வடக்கு எதுன்னு தெரியல, அதான் பயம். எங்க வூட்ல வடக்கால தலை வெச்சுப் படுத்தா உயிருக்கு ஆவாதுன்னு அடிச்சு எழுப்புவாங்க. சாவி குடுத்த வெள்ளக்கார அம்மாகிட்ட டேவிடு எனக்காகப் போயி கேட்டான். அந்தம்மா மேப்ப விரிச்சு, வடக்கால போற ரோட்ட செவப்புப் பேனால கோடு போட்டுக் குடுத்துச்சு. "மச்சான், உனக்குப் படுக்க வழி கேட்டா நம்மள கனடாவுக்கு அனுப்புது இது"ன்னு டேவிடு சிரிச்சான். அப்புறம் வெளிய போயி சூரியன் எறங்குற பக்கம் பாத்துட்டு வந்தான். கட்டிலோட தலைமாடு வடக்காலதான் இருந்துச்சு. என் தலைகாணியக் கால்பக்கம் மாத்துனான், அவனோடதையும் மாத்துனான்.

புதங்கெழமை நாஷ்வில். நானூத்தி முப்பது மைலு, முப்பத்திரெண்டு டாலரு. மோட்டலு மொதலாளி குஜராத்திக்காரரு. நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே, ஏழாம் நம்பர் ரூம்ல கிழக்கால தலை வெக்கலாம்னுட்டாரு. "இவரும் உன்ன மாதிரி கேஸுதான்டா"ன்னான் டேவிடு.

மறுநாளு வழில பெட்ரோல் பங்க்ல தெச காட்டுற முள்ளு ஒண்ணு வாங்குனான், பொத்தான் சைஸு, ஒன்றரை டாலரு. "இந்தா. இனிமே வடக்கு வடக்குன்னு என் உயிர எடுக்காத."

அன்னிக்கு லிட்டில் ராக். வழியெல்லாம் மழை. டேவிடு தோள்பட்ட வலிக்குதுன்னான். வண்டி ஓட்டுன அசதின்னு நெனச்சேன். ரூமு இருபத்தேழு டாலரு. உள்ள வந்ததும் ஷூவோட சாஞ்சிட்டான். முள்ள வெச்சுப் பாத்தேன். நேரா அவன் தலைகாணியக் காட்டுச்சு.

"டேவிடு, திரும்பிப் படுடா."

"வுட்றா மச்சான், முடியல."

வுட்டுட்டேன். என் தலைகாணிய மட்டும் மாத்திக்கினேன். அவன் ஷூவக் கழட்டி வெச்சிட்டு, அவன் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துக்கினே படுத்திருந்தேன்.

வெள்ளிக்கெழமை டல்லாஸ். சனிக்கெழமை காலைல கல்யாண மண்டபத்துல சாம்பாரு கிண்டிக்கினு இருந்தவன், நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தான். ஆம்புலன்சு வரதுக்குள்ள போயிட்டான். பத்து நாளு கழிச்சு பொட்டில மீனம்பாக்கம் வந்தான். நானும் கூட வந்தேன்.

ரெண்டு மாசம் அவன் வூட்டுப் பக்கம் போவல. போன ஞாயித்துக்கெழமதான் போனேன். அன்னிக்கு ராத்திரி அவன் வடக்கால தலை வெச்சுப் படுத்ததையும், நான் திருப்பாம வுட்டதையும் அவங்கம்மாகிட்ட சொன்னேன்.

அந்தம்மா எந்திரிச்சாங்க. அவன் பாய எடுத்து விரிச்சாங்க. ஒரே ரூமு. இந்தாண்ட பீரோ, அந்தாண்ட அடுப்பு, நடுவுல ஒரு பாயி போடத்தான் எடம். அவன் தலைகாணிய செவுத்தாண்ட வெச்சாங்க. நான் முள்ள எடுத்துக் கீழ வெச்சேன். ஆடி ஆடி நின்னுச்சு. தலைகாணியத்தான் காட்டுச்சு.

"பொறந்ததுலேந்து இப்படித்தாம்பா படுத்தான். வேற எங்க எடம் கீது இங்க?"

அப்போ ரோனோக்ல அவனோட தலைகாணியையும் மாத்துனது எனக்கோசரம்தான்.

இதப் படிக்கிறவங்க எந்த சாமிய வேணா கும்புடுங்க. இன்னிக்குப் படுக்கும்போது, சேலையூரு டேவிடுக்குன்னு ஒரு தடவ வேண்டிக்கோங்க. எந்தப் பக்கம் தலை வெச்சிருந்தாலும் பரவால்ல.