முதல் கை தண்ணீர்

குஜிலியம்பாறைப் பக்கம் போர்வெல்லில் மோட்டார் இறக்க ஒச்சப்பனை விட்டால் ஆளில்லை என்று ஒச்சப்பனே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் பொய்யும் இல்லை. முதல் தண்ணீர் கொட்டியதும் ஒரு கை அள்ளிக் குடித்து, நல்ல தண்ணீரா உப்பா என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நிலத்துச் சொந்தக்காரரான காட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு வரும்.

அந்த மனுஷனுக்குத்தான் இரண்டு கிட்னியும் போயின. வாரம் மூன்று நாள் திண்டுக்கல்லில் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படியும் மிஷின் உறிஞ்சத்தானே போகிறது என்று திருட்டுத்தனமாகக் குடித்தார். பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு. படுத்தால் மூச்சு முட்டியது; சளி என்று சமாளித்தார்.

மனைவி முத்துப்பேச்சி தன் கிட்னி ஒன்றைத் தர முன்வந்தாள். எல்லாம் பொருந்தியது. ஆபரேஷனுக்கு முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் குட்டு உடைந்தது. இதயம் வீங்கி, அறுபது சதவீதம் இருக்க வேண்டிய பம்பிங் முப்பதுக்கு இறங்கியிருந்தது. கிட்னி வெளியேற்றாத தண்ணீர் உடம்பிலேயே தங்கும், அடுத்த டயாலிசிஸ் வரை அந்தச் சுமையோடு இதயம்தான் அடித்துக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினார். ஓவர்லோடில் ஓடும் மோட்டார் என்னாகும் என்று ஒச்சப்பனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதம் கட்டுப்பாடாக இருந்து பம்பிங் ஏறினால் ஆபரேஷன். ஏறாவிட்டால் இல்லை.

அன்று முதல் அவர் போகுமிடமெல்லாம் முத்துப்பேச்சியும் போனாள். தாகம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. யாராவது சொம்பைத் தூக்கிக் குடித்தால் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்காக இப்படி ஏங்குவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டாவது மாதம் அழகுராஜா என்பவர் காட்டில் மோட்டார் இறக்கினார்கள். ஒச்சப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஆட்களை ஏவினார். சேறு போய்த் தெளிந்த தண்ணீர் குழாயில் கொட்டியது. அழகுராஜா வழக்கம்போல ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பனின் கை தானாக நீண்டது. பிறகு அதை மடக்கிக்கொண்டு, மனைவியைக் குடித்துப் பார்க்கச் சொன்னார்.

அவள் ஒரு கை குடித்தாள். திரும்பி வந்து அவர் காதருகே குனிந்தாள்.

"கரிக்குதுங்க. வாயில வைக்க முடியல."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனவள், தன்னை அறியாமல் இன்னொரு கை அள்ளினாள். உப்புத் தண்ணீரை யாரும் இரண்டாவது கை அள்ள மாட்டார்கள். ஒச்சப்பன் அழகுராஜாவைப் பார்த்து, நல்ல தண்ணீர்தான் என்று தலையாட்டினார்.

"நல்லாக் குடி பேச்சி," என்றார். "நீ குடிக்கிறத செத்த நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன்."