ஐயா பூட்டியதில் மிஞ்சிய சாமான்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்தபோது, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கழற்றிப் போட்டிருந்த மோட்டார் சைக்கிள் முழுதாகப் பூட்டி நின்றது. பக்கத்தில் விரித்திருந்த சாக்கில் ஒரே ஒரு சாமான் மட்டும் கிடந்தது. கட்டைவிரல் தடிப்பு, அரை அங்குல நீளம், இரண்டு பக்கமும் திறந்த ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. என் வீட்டுக்காரர் அதை எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, திரும்பவும் சாக்கில் வைத்தார்.

"இது எங்க போகணும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போக வேண்டியதில்ல. எக்ஸ்ட்ரா சாமான்" என்றார்.

அன்றிலிருந்து ஆறு நாள் அந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை.

நான் அப்போது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. டவுன் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தில் மூன்று டிவிசன். அவற்றில் மேற்கணக்கு என்று சொல்லும் மேல் டிவிசன் நான்கு மைல் தூரத்தில், ஒரே ஏற்றத்தில் இருந்தது. நடந்தால் ஒன்றரை மணி நேரம், மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். பிரசவ வலி என்று ஆள் வந்தால் அந்த வித்தியாசம் என்னவென்று இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் வீட்டுக்காரர் செபமாலை அதே தோட்டத்துப் பெக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் இரண்டாவது டீமேக்கர். சீமைக்குத் திரும்பிப் போன சின்னத்துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன வண்டி அது. என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. கழற்றுவதில்தான் வினை. அவரிடம் ஒரு ரிப்பேர் புத்தகம் இருந்தது. அது வேறு மொடல் வண்டிக்கு எழுதியது. 'எல்லா வண்டியும் ஒண்ணுதான்' என்பது அவர் கட்சி. பின் பிரேக் கிறீச்சிடுகிறது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பின் வீலைக் கழற்றினார். கழற்றியவர் சும்மா இருக்காமல் செயினைக் கழற்றினார், பிரேக் ரொட்டைக் கழற்றினார், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். கழுவியவற்றை எந்த வரிசையில் வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

"ஒரு பிரசவத்துக்குப் போயி கத்தரிக்கோல ஒண்ண வச்சிட்டு வந்தா, அத எக்ஸ்ட்ரானு நான் சொல்ல முடியுமாங்க?" என்று கேட்டேன். அவர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, பெக்டரி வரைக்கும் போய் வந்து காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. அது சமதரை ரோடு.

செவ்வாய்க்கிழமை, என் தொல்லை தாங்காமல் திரும்பவும் கழற்றினார். இந்தத் தடவை பூட்டி முடித்தபோது அந்தத் துண்டோடு ஒரு வட்டத் தகட்டு வாசரும் மிஞ்சியது. வாசரை எங்கேயோ போட்டுவிட்டார். எங்கே போட்டீர்கள் என்றதற்கு, இடம் இருந்த இடத்தில் என்றார்.

அதற்குள் விசயம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. லொறி டிரைவர் அது என்ஜினுக்குள் இருக்கவேண்டிய சாமான் என்றார். பெரிய கிளார்க் அதைக் கட்டில் கால் என்றார். காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தைக் கடந்து நான் போகும்போது கொழுந்தெடுக்கும் பெண்கள், ஐயாவோட சாமானுக்கு இடம் கிடைத்ததா என்று மரியாதையாக விசாரித்தார்கள். சிரிக்காமல் கேட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேட்கவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். பெக்டரி பிட்டர் காளிமுத்து. கொழுந்து சுருட்டும் ரோலரிலிருந்து துரையின் ஜீப் வரைக்கும் அவர் கை படாத இரும்பு அந்தத் தோட்டத்தில் இல்லை. ஆனால் போன வருடம் ரோலரில் ஒரு நட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று, வேலையாட்கள் எல்லார் முன்னாலும் அவரை என் வீட்டுக்காரர் திட்டியிருந்தார். இப்போது மிஞ்சிய சாமானோடு அவர் முன்னால் போய் நிற்க மனசு வரவில்லை. காளிமுத்துவிடம் கேளுங்கள் என்று நான் தினமும் சொன்னேன். "நான் ஸ்டாப், உத்தியோகஸ்தன். அவன்கிட்ட போயி நிக்கச் சொல்றியா?" என்றார்.

அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று அந்த வாரம் முழுக்க நான் நடந்தேன். மழைக்காலம் வேறு. கால் இரண்டிலும் அட்டைக்கடி. அவர் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மேற்கணக்கிலிருந்து சுப்பையா என்ற தொழிலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மனைவி பாக்கியத்துக்குக் காலையிலிருந்து வலி, தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். நான் வண்டியைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஏறினது நான்.

இரண்டு மைல் நன்றாகப் போனது. ஏற்றம் கூடியதும் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பிறகு இரும்பு காயும் வாடை. நிறுத்துங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின் வீல் இறுகிப்போய் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. ரோட்டின் இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் தேயிலை. நாங்கள் வலது பக்கம் விழுந்தோம். அது ஆண்டவர் செயல். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கவ்வாத்து வெட்டிய செடிகளில் என் முழங்கை கிழிந்தது. பெட்டிக்குள் இரண்டு போத்தல் உடைந்திருந்தன. அவர் எழுந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். வீலைச் சுற்றிப் புகை வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்க நிற்கவில்லை.

"லொறிய எடுத்துக்கிட்டு மேல வாங்க. யார்கிட்ட கேக்கணுமோ கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், சுப்பையாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நான் நுழைந்தபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. ஆண் பிள்ளை, அழுதுகொண்டிருந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் பாயெல்லாம் இரத்தம். பாக்கியத்தின் முகம் வெளிறிக் கிடந்தது. அவளுடைய அடிவயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்தித் தேய்த்தபடி முத்தாயி மண்டியிட்டிருந்தாள்.

முத்தாயி யாரென்று சொல்லவேண்டும். நான் வருவதற்கு முன் மேற்கணக்கில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி அவள்தான். பகலில் கொழுந்தெடுப்பாள். நான் வந்த முதல் மாதமே, அந்தப் பொம்பளையைப் பிரசவ வீட்டுக்குள் விடக்கூடாது என்று எல்லா லயத்திலும் சொல்லிவைத்தேன். துரையிடமும் ஒரு தடவை முறையிட்டிருக்கிறேன். அவள் பார்த்த பிரசவங்களில் இரண்டு பிள்ளைகள் பிறந்த ஒரு வாரத்துக்குள் இழுப்பு வந்து செத்துப்போயிருந்தன. அவள் தொப்புள்கொடி அறுக்கும் கத்திதான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். அது தப்பான எண்ணமும் இல்லை.

நான் பழக்கதோசத்தில், தள்ளிப் போ என்றேன். அவள் அசையவில்லை.

"கைய எடுத்தா ஓடுதும்மா. நான் எடுக்க மாட்டேன். நீங்க மத்ததப் பாருங்க" என்றாள்.

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் கை இருந்த இடம், அழுத்தம், தேய்த்த விதம் எல்லாம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது போலவே இருந்தன. பிள்ளையைத் தாயின் மார்பில் போடச் சொல்லியிருந்தாள். அதுவும் சரி. நான் நஞ்சைப் பரப்பிப் பார்த்தேன், முழுசாக இருந்தது. நாடி பிடித்தேன், துணி வைத்தேன். அவள் கை சோர்ந்தபோது நான் மாறினேன். என் கை சோர்ந்தபோது அவள் மாறினாள். அப்படியே முக்கால் மணி நேரம்.

அப்புறம் லொறிச் சத்தம் கேட்டது. சனிக்கிழமையாதலால் டிரைவர் டவுனுக்குப் போயிருந்தார். லொறியை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் தோட்டத்தில் காளிமுத்து மட்டும்தான். என் வீட்டுக்காரர் இரண்டு மைல் கீழே ஓடி, அவருடைய லயத்து வாசலில் போய் நின்றிருக்கிறார். காளிமுத்து சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்ததாக என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். பாக்கியத்தைப் பாயோடு தூக்கி ஏற்றினோம். டவுன் வரைக்கும் நானும் முத்தாயியும் கை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே போனோம். பாக்கியம் பிழைத்தாள். வயிற்றை விடாமல் பிடித்தது யார் என்று டாக்டர் கேட்டார். நான் முத்தாயியைக் காட்டினேன். அவள் சேலையை இழுத்து இரத்தக் கறையை மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரர் காற்சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காளிமுத்துவிடம் நீட்டினார். "நான் தப்பாப் பூட்டிட்டேன், காளிமுத்து. இது எங்க வரும்?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

காளிமுத்து அதை வாங்கிச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பின் ஆக்சில்ல பெயரிங்குக்குப் பக்கத்துல வர்ற புஷ்ஷுங்க. இது இல்லாம நட்ட முறுக்குனா பெயரிங்க நசுக்கும். ஏத்தத்துல ரெண்டு பேரு பாரம்னா ஒடைஞ்சிரும். ஞாயித்துக்கெழமையே காட்டியிருந்தா அஞ்சு நிமிச வேலைங்க, ஐயா" என்றார். திட்டு வாங்கிய கதையை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று லொறியில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆறு நாள், அரை மைல் தூரத்தில் ஆள், ஒரு வார்த்தை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை என்று. ஆனால் அதே லொறியில் எனக்கு எதிரில் முத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவளை நான் நான்கு வருடமாகப் பார்க்கிறேன். திட்டியிருக்கிறேன், விரட்டியிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டதில்லை. அடுக்கி வைத்த வார்த்தைகளை வீட்டில் நான் பேசவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை மேற்கணக்குக்கு நடந்தே போனேன். வேலை விட்டு வந்த முத்தாயியிடம், இதுவரைக்கும் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நான் 'நீங்க' என்றதும் அவள் திரும்பி யாரும் பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்தாள். எண்ணியதில்லை என்றாள். பிறகு அவளும் ஒன்று கேட்டாள்.

"அம்மா, கத்தியக் கொதிக்க வைக்கணும்னு சொல்றீங்க. நானும் சுடுதண்ணில முக்கித்தான் எடுக்கிறேன். எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

நான்கு வருடம் நான் லயம் லயமாகப் போய்க் கத்தியைக் கொதிக்க வை, கொதிக்க வை என்று கத்தியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்கும்படியாக நான் நடந்துகொள்ளவும் இல்லை. செத்துப்போன இரண்டு பிள்ளைகளின் பெயரும் எனக்குத் தெரியும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பகுதியில் உங்களுக்கு முன்னால் யார் பிள்ளைப்பேறு பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். போன முதல் வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லுங்கள்.

அன்றைக்கு முத்தாயி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். என்னிடம் கைக்கடிகாரம் இருந்தது. இருவரும் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.