கப்பலுக்குப் போகாத இலை

எங்கள் வீட்டில் யாரும் கடைக்குப் போய் நிலாவாரை வாங்கியதில்லை. தூத்துக்குடியில் அண்ணனும் நானும் நடத்துகிற ஏற்றுமதிச் சரக்குக் கிட்டங்கியில்தான் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே. ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து காய்ந்து வரும் இலையைச் சலித்து, முழு இலையை ஐரோப்பாவுக்கு அனுப்புவோம். அங்கே மலச்சிக்கலுக்கு அதைத் தேநீர் மாதிரி குடிக்கிறார்கள். சல்லடையில் கழிந்த தூளும் துணுக்கும் வீட்டுக்கு வரும். நல்லது கப்பலுக்கு, கழிந்தது நமக்கு என்பது இந்தத் தொழிலில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். படுக்குமுன் அதில் ஒரு கரண்டியை வெந்நீரில் கலந்து குடிக்காவிட்டால் அண்ணனுக்குத் தூக்கம் வராது.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்போடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் வியாபாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தைப் பார்க்க அங்கிருந்து ஒரு குழு வந்தது. ஓட்டலில் கூட்டம். நாங்களும் போனோம். வரி குறையும், நட்பு வளரும் என்று மேடையில் இரண்டு தரப்பாரும் மாறி மாறிச் சொன்னார்கள். அண்ணன் கைதட்டிய வேகத்தில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அண்ணனுக்கு ஈரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். குடிப்பழக்கம் உண்டா என்று வேறு கேட்டார். பீடி கூடத் தொடாத மனுஷன்.

"ஏளா, அந்த டாக்டரு மூஞ்சியப் பாத்தியா? அவருதான் குடிப்பாரு போல" என்று வெளியே வந்து அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு நாள் ஐரோப்பாவிலிருந்து போன். எங்கள் சரக்கை அங்கே துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். இலையோடு தேள்கொடுக்கு என்கிற களைச்செடி கலந்திருக்கிறது, அதன் நச்சு அந்த நாடுகள் சேர்ந்து வைத்திருக்கிற அளவைத் தாண்டிவிட்டது, திருப்பி அனுப்புகிறோம் என்று வாங்குகிறவர் பொறுமையாகச் சொன்னார். அந்த நச்சு என்ன செய்யும் என்று கேட்டேன். நாள்பட உள்ளே போனால் ஈரலைக் கெடுக்கும் என்றார்.

சரக்கு போனால் போகட்டும். சலித்து எடுத்த முழு இலையிலேயே இவ்வளவு என்றால், சல்லடைக்குக் கீழே பொடிந்து விழுந்த தூளில் எவ்வளவு இருக்கும்?

அண்ணனிடம் சொன்னேன். அவர் அசையவே இல்லை. "வரட்டும். நம்ம ஊரு மருந்துக்கடைக்குத் தள்ளிருவோம். இங்கன எவன் பாக்கான்?"

"அண்ணே, அதத்தான நீங்க குடிக்கிய!"

"எங்கய்யா காலத்துலேருந்து குடிக்கோம். எனக்கென்ன ஆயிப்போச்சு இப்ப?" என்று சொல்லும்போதே அவர் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

வீட்டில் இருந்த தூள் டப்பாவை ஒளித்து வைத்தேன். அவர் கிட்டங்கியிலிருந்து இன்னொரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கெஞ்சினேன், சண்டை போட்டேன். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார். கடைசியில் ஒளித்து வைத்த டப்பாவோடு, ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கிற ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே பதிவு செய்கிற பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"எந்த நாட்டுக்குக்கா?"

"எங்க வீட்டுக்கு."

அவள் கம்ப்யூட்டர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நாட்டச் சொன்னாத்தான்க்கா, அளவு தாண்டிருக்கா இல்லியான்னு சொல்ல முடியும். வீட்டுக்குன்னு எங்ககிட்ட அளவு ஒண்ணும் கெடையாதே."

"ஐரோப்பான்னே போடும்மா."

அவள் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "யாரு குடிக்கதுக்குக்கா?"

"எங்க அண்ணன்" என்றேன். "குடிச்சாச்சும்மா."