பெருமாள் மேல் சாயக்கூடாது

அலமு அக்காவுக்கு எந்தப் பொருளும் வெறும் மேனியாக இருக்கக் கூடாது. மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குச் சட்டை. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கும் ஒருநாள் அளவெடுத்து விடுவாரோ என்று பயந்திருக்கிறேன். அக்கா ரொம்ப நல்லவர். நல்லவர் கையில் ஊசி இருந்தால் யாராலும் தடுக்க முடியாது.

அவர் கணவர் ஆதிகேசவன் அண்ணன் தறியில் குனிந்து குனிந்தே கழுத்தைத் தேய்த்துக்கொண்டவர். பஸ்ஸில் போய் வந்தால் படுத்துவிடுவார். அதற்காகவே மகன் பிரேம்நாத் ஒரு பழைய கார் வாங்கினான். "பின்னாடி நல்லா சாஞ்சிக்கினு வா நைனா, கழுத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். அண்ணன் பின்சீட்டில் ஏறி ஹெட்ரெஸ்ட்டில் தலையைச் சாய்த்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

அக்கா பார்த்தது ஹெட்ரெஸ்ட்டை மட்டும்தான். அதற்கு உறை இல்லை.

மெரூன் பட்டுத் துண்டு, மீந்துபோன ஜரிகை. ஒவ்வோர் உறையிலும் சங்கு, சக்கரம், நடுவில் நாமம். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. மாட்டிவிட்டுக் கற்பூரமும் காட்டினார். "பெருமாளே கூட வராரு, இனிமே இன்னா பயம்?" என்றார் என்னிடம்.

முதல் பயணம் தென்னேரியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. பிரேம்நாத் ஓட்ட, நான் பக்கத்தில். அவர்கள் இருவரும் பின்னால். தெருமுனை தாண்டுவதற்குள் அண்ணன் சாய்ந்தார்.

"ஏங்க, எண்ணெத் தலைய பெருமாள் மேலயா வெக்கிறீங்க?"

அண்ணன் துள்ளி நிமிர்ந்தார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா பின்னால் இருக்கும்போது இல்லாத நம்பிக்கையும் வந்துவிடும். நானும் நிமிர்ந்தேன். காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் போல எல்லோரும் முன்னால் குனிந்தபடியே போனோம்.

வழியில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேம்நாத் பிரேக் அடித்தான். எல்லார் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அண்ணன் மட்டும், பின்னால் வந்த தலையைப் பெருமாள் மேல் படாமல் பாதி வழியில் தானே நிறுத்தினார். அவ்வளவுதான், கழுத்து பிடித்துக்கொண்டது. கிரகப்பிரவேசச் சாப்பாட்டை நான் இன்றுவரை சாப்பிடவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அண்ணன் கழுத்துக்குக் காலர் மாட்டிவிட்டுக் கேட்டார். "கார்ல ஹெட்ரெஸ்ட் இல்லையா?"

"இருக்குது சார்," என்றார் அண்ணன். "ஆனா அதுல பெருமாள் இருக்காரு."

டாக்டர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். "அது தூங்கறதுக்கு மட்டும் இல்லம்மா. பின்னாலேருந்து எவனாவது இடிச்சா தலை பின்னால வெட்டும். அப்ப அது காதளவு ஒசரத்துல, தலைய ஒட்டி இருக்கணும். இன்னொரு வெட்டு விழுந்தா இவர் கழுத்து தாங்காது."

அக்கா உண்மையாகவே பயந்துவிட்டார். அதற்காகப் பெருமாளைக் கழற்ற முடியுமா? எல்லா உறைகளையும் முன்பின்னாகத் திருப்பி மாட்டினார். அண்ணன் தலைக்கு வெறும் பட்டு; பெருமாள் பின்கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்தார்.

ஊரும் அவரைப் பார்த்தது. மறுபடி டாக்டரிடம் போகும்போது சன்னதித் தெருவில் நெரிசல். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்கள். "பாத்தியா, எவ்ளோ பக்தி" என்று அக்கா பூரித்துக்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது.

ஷேர் ஆட்டோ. கார் ஓர் அடி முன்னால் தள்ளப்பட்டது. அண்ணனின் தலை ஹெட்ரெஸ்ட்டில் அழுந்தி அங்கேயே நின்றது.

அக்கா இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?"

அண்ணன் தோளை அசைத்தார், விரல்களை மடக்கினார். "இல்ல அலமு. ஒண்ணுமில்ல." அக்கா அழுதார்.

ஆட்டோ டிரைவர் முருகேசன் ஓடிவந்தான். "தப்புதான்பா. பெருமாள் தெரிஞ்சாரு, ரெண்டு கையும் எடுத்துட்டேன்." பிரேம்நாத் சண்டைக்கு இறங்கினான். கும்பிட்டவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்ரெஸ்ட் உறைகளை ஒவ்வொன்றாக உருவினார். மடித்துக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்தார். பிறகு அண்ணன் தலைக்குப் பின்னால் இருந்த வெறும் ஹெட்ரெஸ்ட்டை அவர் காதளவுக்கு இழுத்து உயர்த்தினார்.

"இன்னாக்கா, பெருமாளக் கழட்டிட்டே?" என்றேன்.

"அவருக்கு ஊரெல்லாம் ஆளு இருக்குதுபா. எனக்கு இவர் ஒருத்தர்தான்."

அண்ணனுக்கு அக்காவைத் திரும்பிப் பார்க்க ஆசைதான். காலர் விடவில்லை. தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினார்.